வேலைக்கும் ஸ்பானிஷுக்குமாகச் சான் அன்டோனியோவுக்குக் குடிபோகிறவர்களுக்கு

ஒஹாயோ மாநிலத்தின் கொலம்பஸில் ஒன்பது வருடம் இருந்தோம். நான் நர்ஸ். கணவர் மெக்சிக்க வம்சாவளி, மாமியார் பிறந்தது மெக்சிகோவின் மான்டெர்ரேயில். மகளுக்கு அப்போது ஐந்து வயது. பாட்டி தொலைபேசியில் ஸ்பானிஷில் கேட்பதெல்லாம் அவளுக்குப் புரியும், பதில் மட்டும் ஆங்கிலத்திலேயே வரும். தமிழ் பேச வீட்டில் நான் இருக்கிறேன். ஸ்பானிஷ் பேச அவள் அப்பா இருக்கிறார்தான், ஆனால் அவருக்கே பாதி மறந்துவிட்டது. அந்த மொழி தெருவிலும் கடையிலும் காதில் விழுகிற ஊருக்குப் போய்விடலாம் என்று முடிவு செய்தோம். எனக்கு வேலையும் கிடைக்க வேண்டும், வாடகையும் கட்டுப்படியாக வேண்டும். மயாமியும் லாஸ் ஏஞ்சலஸும் கைக்கு எட்டவில்லை. டெக்சாஸின் சான் அன்டோனியோ எட்டியது.

2020 கணக்கெடுப்பின்படி ஊரின் மக்கள்தொகை 14 லட்சத்து 34 ஆயிரம். மூன்றில் இரண்டு பங்குக்குக் கொஞ்சம் குறைவானவர்கள் லத்தீனோக்கள், அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர், அவர்களிலும் பெரும்பாலோர் மெக்சிக்க வம்சாவளியினர். அப்படிப்பட்ட ஊரில் வந்து இறங்கினாலே போதும், மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்று நினைத்தோம். நடக்கவில்லை. முதல் வருடத்திலேயே இரண்டு வீடு மாறினோம். காகிதங்களை முன்பின்னாகக் கொண்டுபோய் அலைந்தோம். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

1. வேலையை உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள்

போன பிறகு தேடிக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இங்கே வேலை இருக்கிறது, ஆனால் சம்பளம் ஆஸ்டினையும் டாலஸையும் விடக் குறைவு. வந்து உட்கார்ந்துவிட்டால் பேரம் பேசத் தெம்பு இருக்காது.

ஊரின் பெரிய வேலைவாய்ப்பு நாலைந்து துறைகளில் இருக்கிறது. வடமேற்கில் சவுத் டெக்சாஸ் மெடிக்கல் சென்டர் என்ற மருத்துவமனை வட்டாரம். காப்பீடு, வங்கித் துறையில் யூஎஸ்ஏஏ, ஃப்ராஸ்ட் வங்கி இரண்டுக்கும் தலைமையகம் இங்கேதான். எச்-இ-பி மளிகைக் கடைச் சங்கிலிக்கும் வலேரோ எண்ணெய் நிறுவனத்துக்கும் அப்படியே. தென்புறத்தில் டொயோட்டாவின் டிரக் தொழிற்சாலை இருக்கிறது. பிறகு ராணுவத் தளங்கள், அவற்றை ஒட்டி வளர்ந்த சைபர் பாதுகாப்பு நிறுவனங்கள். ஐடி நண்பர்கள் இந்தக் கடைசி வகையைப் பார்த்துத்தான் ஆசைப்படுகிறார்கள். அந்த வேலைகளில் பலவற்றுக்குப் பாதுகாப்பு அனுமதி வேண்டும், அதற்கு அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். விண்ணப்பிக்கும் முன் அந்த ஒரு வரியைத் தேடிப் படித்துவிடுங்கள்.

எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு முக்கிய எச்சரிக்கை. அதே நிறுவனம், அதே வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறேன், ஊர் மட்டும்தானே மாறுகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். வேலை செய்யும் இடம் வேறொரு பெருநகர வட்டாரத்துக்கு மாறினால், நிறுவனம் தொழிலாளர் துறையிடம் எல்சிஏ என்ற புதிய ஒப்புதல் வாங்கித் திருத்திய எச்-1பி மனுவையும் தாக்கல் செய்ய வேண்டும். 2015 முதல் இது தெளிவான விதி. வீட்டிலிருந்து வேலை செய்தால் வீடுதான் வேலையிடம். மனு தாக்கலான பிறகே புது ஊரில் வேலையைத் தொடங்குங்கள்.

ஸ்பானிஷ் தெரிந்தவர்களுக்குக் கூடுதல் மதிப்பு உண்டு. சில இடங்களில் அதற்கென்று சம்பளத்தில் தனித்தொகையும் தருகிறார்கள். வேலைக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே அதைக் கேளுங்கள், பிறகு கேட்டால் நடப்பதில்லை. ஆனால் மருத்துவமனைகளில் 'எனக்கு ஸ்பானிஷ் ஓரளவு வரும்' என்பது செல்லாது. நோயாளியிடம் அந்த மொழியில் சிகிச்சை விஷயம் பேச வேண்டுமென்றால் தேர்வு வைத்துத் தகுதி பார்ப்பார்கள். தேறும் வரை மொழிபெயர்ப்பாளரைத்தான் அழைக்க வேண்டும். சந்தையில் பேசக் கற்ற ஸ்பானிஷ் அந்தத் தேர்வுக்குப் போதாது என்பது எனக்கு வந்த பிறகுதான் தெரிந்தது. தயாராக மூன்று மாதம் பிடித்தது.

2. எந்தப் பக்கம் குடியிருப்பது: இங்கேதான் நாங்கள் தவறினோம்

வரைபடத்தைத் திறந்து இரண்டு வளையங்களைப் பாருங்கள். உள்ளே லூப் 410, வெளியே லூப் 1604. புது அடுக்குமாடிகள், பெரிய கடைகள், நல்ல பள்ளி என்று ஊர் பேசுகிற பள்ளிகள் எல்லாம் பெரும்பாலும் வடக்கே, 1604-ஐ ஒட்டி. இந்தியக் குடும்பங்களும் அங்கேதான் அதிகம். மரியாச்சி, கொன்ஹுந்தோ இசை, பழைய ரொட்டிக்கடைகள், சுவரோவியங்கள், ஸ்பானிஷில் திட்டிக்கொண்டே அன்பாக இருக்கும் அக்கம்பக்கம் எல்லாம் மேற்கிலும் தெற்கிலும், 410-க்கு உள்ளே. வேலை ஒரு பக்கம், நீங்கள் தேடி வந்த வாழ்க்கை இன்னொரு பக்கம். இந்த ஊரில் வீடு தேடுவதில் இருக்கிற சிக்கலே இதுதான்.

நாங்கள் ஆளுக்கு ஆள் சொன்னதைக் கேட்டு வடக்கே ஸ்டோன் ஓக் பக்கம் வீடு எடுத்தோம். சுத்தமான இடம், நீச்சல் குளம், அருகிலேயே கடை. ஆறு மாதத்தில் மகள் புதிதாகக் கற்ற ஸ்பானிஷ் வார்த்தைகள் எல்லாமே டாக்கோ கடைப் பலகையில் இருந்தவை.

ஒரு சனிக்கிழமை காலை மேற்குப் பக்கம் ஒரு பனதெரியாவுக்கு, அதாவது மெக்சிக்க ரொட்டிக்கடைக்குப் போனோம். வாசலிலேயே வட்டத் தகரத் தட்டும் இடுக்கியும் அடுக்கி வைத்திருப்பார்கள். தட்டை எடுத்துக்கொண்டு கண்ணாடிப் பெட்டிகளைத் திறந்து, நமக்கு வேண்டிய ரொட்டியை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். மேலே சிப்பி மாதிரி கோடு போட்டுச் சர்க்கரை பூசிய கொன்சா, பன்றிக்குட்டி வடிவத்தில் இஞ்சி மணக்கும் மர்ரனீத்தோ. எங்களுக்கு முன்னால் நின்ற பாட்டி பணப்பெட்டியில் இருந்த பெண்ணிடம் நீளமாக ஸ்பானிஷில் ஏதோ விசாரித்தார். அந்தப் பெண் எல்லாவற்றையும் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். அச்சு அசலாக என் மகள். கணவர் வெளியே வந்து வெகுநேரம் பேசவே இல்லை.

அன்றைக்குத்தான் விளங்கியது. ஊரில் லத்தீனோக்கள் பெரும்பான்மை என்பதால் மொழி தானாகக் கையில் வந்துவிடாது. இங்கேயே பிறந்து வளர்ந்த மூன்றாம் நான்காம் தலைமுறையில் ஸ்பானிஷ் பேசாதவர்கள் ஏராளம். அவர்களின் தாத்தா பாட்டி காலத்தில் பள்ளியில் ஸ்பானிஷ் பேசியதற்கு அடி வாங்கியிருக்கிறார்கள். அதனால் 'உனக்கு ஏன் ஸ்பானிஷ் வரவில்லை' என்று யாரிடமும் கேட்டுவிடாதீர்கள், அது அவர்களுக்கு ஆறாத புண். மொழி வேண்டுமென்றால் அது இன்னும் புழங்கும் தெருக்களுக்குப் பக்கத்தில் வீடு எடுக்க வேண்டும்.

எங்களுக்குச் சரிப்பட்ட வழியைச் சொல்கிறேன். ஊர் மையத்திலிருந்து வடமேற்கே மெடிக்கல் சென்டர் வரை ஃப்ரெடரிக்ஸ்பர்க் ரோடு போகிறது, உள்ளூரில் 'ஃப்ரெட் ரோடு' என்பார்கள். அதன் தென்பாதியில் உட்லான் லேக் ஏரியைச் சுற்றி இருப்பது பழைய மெக்சிக்க அமெரிக்கக் குடும்பங்கள் வாழும் பகுதி. அங்கிருந்து மருத்துவமனைக்கு நெரிசல் இல்லாத நேரத்தில் எனக்குக் கால் மணி நேரம்தான். வியா நிறுவனத்தின் ப்ரீமோ 100 பேருந்தும் அதே சாலையில் ஓடுகிறது. மாலையில் ஏரிக்கரையில் நடந்தால் எதிரே வருகிற மூவரில் ஒருவராவது ஸ்பானிஷில் பேசிக்கொண்டு வருவார். தெற்கே டொயோட்டா பக்கம் வேலையென்றால் மிஷன் சான் ஹோசே என்ற பழைய ஸ்பானியத் தேவாலயத்தின் சுற்றுவட்டாரத்தைப் பாருங்கள்.

இந்தப் பகுதிகளில் வாடகையும் சொத்து வரியும் ஏறிக்கொண்டே போவதால் பழைய குடும்பங்கள் தவிக்கின்றன. அவர்களுடைய ஊருக்குத்தான் நாம் போகிறோம். அக்கம்பக்கத்துப் பெரியவர்களுக்கு முதல் நாளே போய் வணக்கம் சொல்லுங்கள், பக்கத்துத் தெருக் கடையிலேயே வாங்குங்கள். எங்கள் மகளுக்கு ஸ்பானிஷ் வந்தது பெரும்பாலும் அடுத்த வீட்டு அபுவேலாவின், அதாவது பாட்டியின், திண்ணையில்தான்.

எந்த வீடானாலும் பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, வெள்ளம். இந்தப் பகுதியில் மழை கொட்டினால் ஓடைகள் நிமிடங்களில் நிரம்பிவிடும். மத்திய அரசின் பேரிடர் துறையான ஃபீமாவின் வெள்ள வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், வேலைக்குப் போகும் வழியில் தாழ்வான ஓடைக் கடவைகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். சாதாரண வாடகைதாரர் காப்பீடு வெள்ளத்துக்குச் செல்லாது. இரண்டு, குளிரூட்டி. கோடையில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம். பழைய மரவீடு என்றால் போன ஆகஸ்ட் மின்கட்டணம் எவ்வளவு என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். மூன்று, எந்தப் பள்ளி மாவட்டம் என்பது. அதற்குக் கீழே வருகிறேன்.

3. வாடகை ஒப்பந்தம்

முதல் ஒப்பந்தத்தை முடிந்தவரை குறுகியதாகப் போடுங்கள். ஆறு மாதத்துக்கு மாத வாடகை கொஞ்சம் கூடவே கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். நாங்கள் பன்னிரண்டு மாதத்துக்குப் போட்டுவிட்டு ஏழாவது மாதம் கிளம்பியதில், மறுவாடகைக் கட்டணம் என்று ஒரு மாத வாடகையில் 85 சதவீதம் கட்டினோம். அது போதாதென்று, புது ஆள் வரும் வரைக்குமான வாடகையும் எங்கள் தலையில் விழுந்தது. ஒப்பந்தத்தில் எல்லாம் தெளிவாக எழுதித்தான் இருந்தது, நாங்கள்தான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை. காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதையும் பாருங்கள், 60 நாள் கேட்பவர்கள் உண்டு.

கொண்டுபோக வேண்டியவை: பாஸ்போர்ட், விசா அல்லது கிரீன் கார்டு, கடைசி இரண்டு மூன்று சம்பளச் சீட்டு அல்லது புது வேலைக் கடிதம், பழைய வீட்டுக்காரரின் தொடர்பு விவரம். வாடகையைப் போல மூன்று மடங்கு மாத வருமானம் இருக்க வேண்டும் என்பது பெரும்பாலான குடியிருப்புகளின் கணக்கு. விண்ணப்பக் கட்டணம் ஆளுக்கு 50 முதல் 75 டாலர் வரை எங்களிடம் வாங்கினார்கள், திரும்பி வராது. அதனால் கட்டும் முன்பே, எந்த அடிப்படையில் ஆளைத் தேர்வு செய்கிறார்கள் என்ற தாளைக் கேட்டு வாங்குங்கள். டெக்சாஸ் சட்டப்படி அதை எழுத்தில் தர வேண்டும்.

காலி செய்யும்போது புது முகவரியை எழுத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள். முன்பணத்தை 30 நாளுக்குள் திருப்பித் தரவேண்டும் என்ற சட்டம் இருக்கிறது, ஆனால் புது முகவரியை எழுதிக் கொடுத்த பிறகுதான் அந்தக் கடமை வருகிறது. நான் வாயால் சொல்லிவிட்டு வந்தேன். இரண்டு மாதம் போனது.

வீட்டை நேரில் பார்க்காமல், அல்லது நம்பிக்கையான ஒருவரை அனுப்பிப் பார்க்காமல், ஒரு டாலர் கூட அனுப்பாதீர்கள். 'நான் வெளியூரில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்' என்று யாராவது சொன்னால் அது மோசடி.

4. சாமான் ஏற்றுகிறவர்கள்

கொலம்பஸிலிருந்து இங்கே சுமார் 1,300 மைல். இணையத்தில் மிகக் குறைந்த விலை சொன்னவர்களைப் பிடித்தோம். அவர்கள் இடைத்தரகர்கள் என்பதும் லாரி வேறு யாருடையதோ என்பதும் சாமான் ஏற்றும் நாளில்தான் தெரிந்தது. பாதிச் சாமான் ஏறிய பிறகு, இடம் கூடிவிட்டது, இன்னும் 1,400 டாலர் தந்தால்தான் மீதியை ஏற்றுவோம் என்றார்கள். மழையில் மெத்தை நனைந்துகொண்டிருந்தது. கொடுத்தோம்.

நீங்கள் செய்ய வேண்டியது: நிறுவனத்தின் யூஎஸ் டாட் எண்ணை (போக்குவரத்துத் துறைப் பதிவு எண்) கேட்டு, லாரிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசின் எஃப்எம்சிஎஸ்ஏ தளத்தில் போட்டுப் பாருங்கள், இடைத்தரகரா லாரிக்காரரா என்று காட்டும். மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். கட்டுப்படுத்தும் மதிப்பீடு என்றால் பட்டியலில் உள்ள சாமானுக்கு விலை மாறாது. கட்டுப்படுத்தாத மதிப்பீடு என்றால், இறக்கும்போது மதிப்பீட்டில் 110 சதவீதத்துக்கு மேல் அங்கேயே கேட்க முடியாது. கிரீன் கார்டு, பாஸ்போர்ட், சான்றிதழ், நகை, குழந்தையின் தடுப்பூசி அட்டை எல்லாம் உங்கள் காரிலேயே வரட்டும்.

எப்போது மாறுவது? ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம். லாரி விலையும் உச்சம், வெயிலும் உச்சம். ஏப்ரலில் ஃபியெஸ்டா என்ற ஊர்த் திருவிழா நடக்கும் பத்துப் பன்னிரண்டு நாள் ஊரே தெருவில் இருக்கும், விடுதி கிடைப்பது கஷ்டம். நவம்பர் நல்ல மாதம். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை மலைச் சீடர் மரங்களின் மகரந்தம் பறக்கும். 'சீடர் காய்ச்சல்' என்கிறார்கள், காய்ச்சலே இல்லை, மூக்கும் கண்ணும் படுத்தும் பாடு அது. ஆஸ்துமா உள்ளவர்கள் வருவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

5. வந்து இறங்கிய முதல் பத்து நாள்

அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்கள், கிரீன் கார்டு உள்ளவர்களும் சேர்த்துத்தான், வீடு மாறிய 10 நாளுக்குள் ஏஆர்-11 படிவத்தில் குடிவரவுத் துறைக்கு முகவரி மாற்றத்தைத் தெரிவிக்க வேண்டும். இணையத்திலேயே செய்யலாம், கட்டணம் இல்லை. தபால் நிலையத்தில் முகவரி மாற்றிவிட்டோமே என்று விட்டுவிடாதீர்கள். குடிவரவுத் துறையின் தபால்கள் பல நேரம் புது முகவரிக்குத் திருப்பப்படாமல் அனுப்பிய இடத்துக்கே போய்விடும்.

மின்சாரமும் எரிவாயுவும் சிபிஎஸ் எனர்ஜி. இது நகராட்சிக்குச் சொந்தமானது. ஹூஸ்டன், டாலஸ் நண்பர்கள் 'நல்ல மின்நிறுவனமாகப் பார்த்து எடு' என்று சொல்வார்கள். அது அவர்கள் ஊர் நடைமுறை, இங்கே தேர்வு கிடையாது. தண்ணீர் சாஸ் என்ற நிறுவனம். இரண்டிலும் கடன் வரலாறு இல்லாதவர்களிடம் முன்பணம் கேட்கலாம். கணக்கைக் கணவன் மனைவி இருவர் பெயரிலும் தொடங்குங்கள். ஓட்டுநர் உரிமத்துக்கும் பள்ளிக்கும் முகவரிச் சான்றாக இந்தப் பில்தான் உதவும்.

6. காப்பீடு, கார், ஓட்டுநர் உரிமம்: வரிசை மாறக் கூடாது

டெக்சாஸில் குடியேறியவர்கள் 30 நாளுக்குள் காரைப் பதிவு செய்ய வேண்டும், 90 நாளுக்குள் உரிமம் மாற்ற வேண்டும். 90 நாள் இருக்கிறதே என்று நிதானமாக இருக்காதீர்கள். உரிமத்துக்கு நேரம் ஒதுக்குவது இணையத்தில்தான், வாரக்கணக்கில் தள்ளி வரும். வந்த அன்றே அந்த நேரத்தை வாங்கிவிடுங்கள், காத்திருக்கும் நாட்களில் கார் வேலையை முடித்துவிடலாம்.

முதலில் காப்பீடு. டெக்சாஸ் முகவரிக்குப் புதிய பாலிசி எடுங்கள். சட்டம் கேட்கும் குறைந்தபட்சப் பொறுப்புக் காப்பீடு ஒருவர் காயத்துக்கு 30 ஆயிரம், ஒரு விபத்துக்கு 60 ஆயிரம், பொருள் சேதத்துக்கு 25 ஆயிரம் டாலர். அதோடு நிற்காதீர்கள், ஆலங்கட்டி மழைக்கு முழுக் காப்பீடு வேண்டும்.

அடுத்து கவுண்டி வரி அலுவலகம். கவுண்டியின் பெயர் எழுத்தில் பெக்ஸார், வாயில் 'பேர்'. காப்பீட்டு அட்டை, காரின் டைட்டில் (உரிமைப் பத்திரம்), பழைய மாநிலப் பதிவு, அடையாள ஆவணம், பூர்த்தி செய்த 130-யூ படிவம் கொண்டுபோங்கள். கார்க் கடன் பாக்கி இருந்தால் டைட்டில் வங்கியிடம் இருக்கும், கிளம்புவதற்கு முன்பே அவர்களிடம் பேசி என்ன தாள் தருவார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். புதுக் குடியேறி வரி காருக்கு 90 டாலர், அடிப்படைப் பதிவு 50.75 டாலர், டைட்டில் 30 டாலரை ஒட்டி, உள்ளூர்க் கட்டணம் தனி. ஒரு காருக்கு 200 டாலர் எடுத்து வையுங்கள். மின்சாரக் கார் என்றால் ஆண்டுக்கு 200 டாலர் கூடுதல், புத்தம்புதியதென்றால் அதற்கும் மேல். பழைய குறிப்புகளில் 'பாதுகாப்புப் பரிசோதனை செய்' என்று இருக்கும். சொந்தக் கார்களுக்கு அது 2025 தொடக்கத்தில் போய்விட்டது, பதிலாக 7.50 டாலர் கட்டணம் மட்டும்.

இங்கே எண்பலகை முன்னாலும் வேண்டும் பின்னாலும் வேண்டும். ஒஹாயோ 2020-லேயே முன்பலகையை விட்டுவிட்டதால் எங்கள் காரில் அதை மாட்டும் தாங்கியே இல்லை. பம்பரில் துளை போட்டுத் தாங்கி பொருத்த ஒரு மெக்கானிக்கைத் தேடினோம்.

கடைசியில்தான் உரிமம். பழைய மாநில உரிமம், பாஸ்போர்ட்டும் விசா அல்லது கிரீன் கார்டும், சமூகப் பாதுகாப்பு எண் அட்டை, முகவரிச் சான்று இரண்டு, காப்பீடு. இவற்றோடு உங்கள் பெயரில் உள்ள கார்களின் டெக்சாஸ் பதிவுச் சீட்டும் கேட்பார்கள். நான் அது இல்லாமல் போய்த் திரும்பி, மறுபடி நேரம் வாங்க வேண்டியிருந்தது. கட்டணம் 33 டாலர். குடிமக்களுக்கு எட்டு வருடம் செல்லும், விசாவில் இருப்பவர்களுக்கு விசா அந்தஸ்து முடியும் நாள் வரை. செல்லுபடியாகும் வேறு மாநில உரிமத்தைக் கொடுத்துவிட்டால் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் கிடையாது, கண் பார்வை மட்டும் பார்ப்பார்கள்.

அந்தப் படிவத்தில் 'வாக்காளராகப் பதிவு செய்ய விரும்புகிறீர்களா' என்று ஒரு கேள்வி வரும். குடியுரிமை இல்லாதவர்கள் கண்டிப்பாக 'இல்லை' என்று குறியிடுங்கள். அவசரத்தில் 'ஆம்' போட்டவர்களுக்குப் பின்னாளில் குடியுரிமை விண்ணப்பமே சிக்கலாகியிருக்கிறது.

7. தொழில் உரிமம்

இது நர்ஸ்களுக்கு. ஒஹாயோவும் டெக்சாஸும் பல மாநில நர்ஸ் உரிம ஒப்பந்தத்தில் உள்ளன, ஆகவே பழைய உரிமத்தோடு வேலையைத் தொடங்கலாம். ஆனால் நிரந்தர வசிப்பிடம் மாறிய 60 நாளுக்குள் டெக்சாஸ் உரிமத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கைரேகை, டெக்சாஸ் நர்சிங் சட்டத் தேர்வு இரண்டும் இருக்கின்றன. வசிப்பிடச் சான்றாக ஓட்டுநர் உரிமத்தைக் காட்டுவதுதான் எளிது, அதனால்தான் மேலே அவ்வளவு அவசரப்படுத்தினேன். கலிஃபோர்னியா, நியூயார்க், இல்லினாய் மாநில நர்ஸ்களுக்கு இந்தச் சலுகை இல்லை, டெக்சாஸ் உரிமம் வந்த பிறகே வேலை.

8. பள்ளி

ஊருக்குள் ஒன்றல்ல, பத்துக்கும் மேற்பட்ட பள்ளி மாவட்டங்கள். ஒரே அஞ்சல் குறியீட்டுக்குள் இரண்டு மாவட்டம் வரும். வீட்டு விளம்பரத்தை நம்பாமல் மாவட்டத்தின் தளத்தில் முகவரியைப் போட்டுப் பாருங்கள்.

மொழிக்காக வருகிறவர்கள் கேட்க வேண்டியது இருமொழிப் பள்ளி. சான் அன்டோனியோ ஐஎஸ்டி, எட்ஜ்வுட் ஐஎஸ்டி போன்ற பள்ளி மாவட்டங்களில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் சேர்த்துக் கற்பிக்கும் பள்ளிகள் இருக்கின்றன. சும்மா 'இருமொழி' என்றால் போதாது. ஆங்கிலம் வராத பிள்ளைகளைச் சீக்கிரம் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் வகுப்பும் அதே பெயரில் இருக்கும். இருவழி வகுப்பா (இரு மொழிப் பிள்ளைகளும் சேர்ந்து இரண்டு மொழியிலும் படிப்பது), எத்தனை சதவீதம் ஸ்பானிஷ், ஐந்தாம் வகுப்பு வரை தொடருமா என்று கேளுங்கள். இடத்துக்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், கூட்டம் அதிகமானால் குலுக்கல். ஆகஸ்டில் பள்ளி என்றால் முந்தைய குளிர்காலத்திலேயே விசாரியுங்கள். பிள்ளைக்கு நான்கு வயதென்றால் நகராட்சி நடத்தும் ப்ரீ-கே 4 எஸ்ஏ என்ற மழலையர் பள்ளி இருக்கிறது.

பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, முகவரிச் சான்று, பெற்றோர் அடையாளம் போதும். தடுப்பூசியில் ஹெபடைடிஸ் ஏ இரண்டு தவணையும் கேட்பார்கள். எல்லா மாநிலமும் அதைக் கேட்பதில்லை, இரண்டு தவணைக்கும் இடையில் ஆறு மாதம் வேண்டும் என்பதால் கடைசி நேரத்தில் கண்டுபிடித்தால் திண்டாட்டம்.

9. மொழியும் இசையும் எங்கே கிடைக்கும்

நூலக அட்டை முதல் வாரமே வாங்குங்கள், கவுண்டியில் குடியிருப்போருக்கு இலவசம். ஊர் மையத்தில் உள்ள மத்திய நூலகம் மெக்சிக்கக் கட்டடக் கலைஞர் ரிக்கார்டோ லெகோர்ரெட்டா வடிவமைத்தது. அதன் சிவப்பை 'என்சிலாடா சிவப்பு' என்கிறார்கள், தூரத்திலிருந்தே தெரியும். உள்ளே லத்தீனோ நூல்களுக்கென்று தனிப்பிரிவு இருக்கிறது.

பெரியவர்கள் ஸ்பானிஷ் படிக்க, மெக்சிகோவின் தேசியத் தன்னாட்சிப் பல்கலைக்கழகமான உனாமின் கிளை ஹெமிஸ்ஃபேர் பூங்காவில் இருக்கிறது. என் மருத்துவமனைத் தேர்வுக்கு எனக்கு உதவியது முறையான வகுப்புதான், கைபேசிச் செயலிகள் இல்லை.

மேற்கே குவாதலூப்பே தெருவில் குவாதலூப்பே கலாச்சாரக் கலை மையம். நடனம், இசை வகுப்புகள் உண்டு. ஒவ்வொரு மே மாதமும் டெக்சாஸ் மெக்சிக்கர்களின் இசைக்கான தெஹானோ கொன்ஹுந்தோ விழாவை அவர்கள்தான் நடத்துகிறார்கள். அக்கார்டியனும் பாஹோ செக்ஸ்தோ என்ற பன்னிரண்டு தந்திக் கருவியும் சேர்ந்து வாசிக்கும்போது, எழுபது வயது தம்பதிகள் எழுந்து மேடை முன் இடஞ்சுழியாகச் சுற்றி ஆடுவார்கள். மாமியார் மான்டெர்ரேயிலிருந்து முதல் முறை வந்தபோது அங்கேதான் கூட்டிப்போனோம். இரண்டாவது பாட்டிலேயே மகளை இழுத்துக்கொண்டு ஆடப் போய்விட்டார்.

ஞாயிறு நண்பகலில் மிஷன் சான் ஹோசே தேவாலயத்தில் மரியாச்சி இசையோடு பூசை. நேரத்தை முதல் நாளே பார்த்துவிட்டு அரைமணி முன்னதாகப் போங்கள், இடம் நிரம்பிவிடும். அது வழிபாடு, கைபேசியை உள்ளே வையுங்கள். ஞாயிறு காலை பர்பகோவா (மெதுவாக வேகவைத்த மாட்டுத்தலை இறைச்சி) வாங்கவும் முன்னதாகவே போக வேண்டும், தாமதித்தால் தீர்ந்துவிடும்.

நம் பக்கத்துக்கு: வடமேற்கே பக்கத்து ஊரான ஹெலோட்டஸில் இந்துக் கோயில் இருக்கிறது. சென்னையும் சான் அன்டோனியோவும் 2008 முதல் சகோதர நகரங்கள், ஊர் மையத்திலேயே தீபாவளி கொண்டாடுகிறார்கள். மகள் இரண்டு பாட்டிகளின் உடையையும் ஒரே நாளில் போட்டுக்கொண்டு போனாள்.

10. பணக் கணக்கும் வரியும்

லாரி, வாடகை முன்பணம், காப்பீடு, கார்ப் பதிவு, முதல் ஒப்பந்தத்தை முறித்த செலவு எல்லாம் சேர்த்து எங்களுக்கு 11,000 டாலரைத் தாண்டியது. ஒழுங்காகச் செய்திருந்தால் 7,000-க்குள் முடிந்திருக்கும். அதோடு மூன்று மாத வாடகை தனியாகக் கையில் இருக்கட்டும்.

டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. அதை மட்டும் பார்த்து வீடு வாங்க ஓடாதீர்கள். சலுகைகளைக் கழிக்காமல் பார்த்தால் சொத்து வரி வீட்டு மதிப்பில் ஆண்டுக்கு இரண்டு சதவீதத்துக்கு மேல் வரும், வீட்டுக் காப்பீடும் அதிகம். கடைகளில் விற்பனை வரி 8.25 சதவீதம். மருத்துவக் காப்பீட்டை அரசின் காப்பீட்டுச் சந்தைத் தளம் (மார்க்கெட்பிளேஸ்) மூலம் எடுத்திருந்தவர்கள், வீடு மாறிய 60 நாளுக்குள் டெக்சாஸ் திட்டத்துக்கு மாறிவிட வேண்டும்.

மாறிய வருடத்துக்குப் பழைய மாநிலத்தில் பகுதி ஆண்டு வரித்தாக்கல் உண்டு. கொலம்பஸ் மாதிரி நகராட்சியே 2.5 சதவீத வருமான வரி பிடிக்கும் ஊரிலிருந்து, அதே நிறுவனத்தில் தொலைவேலையாக வருகிறீர்கள் என்றால், முதல் சம்பளச் சீட்டிலேயே அந்தப் பிடித்தம் நின்றதா என்று பாருங்கள். கணவருக்கு நான்கு மாதம் நிற்கவில்லை. அதைத் திரும்பப் பெற, எந்த நாளிலிருந்து எங்கே உட்கார்ந்து வேலை செய்தார் என்று நிறுவனத்திடமிருந்து கடிதம் கேட்டார்கள். வாடகை ஒப்பந்தம், லாரி ரசீது, முதல் மின்கட்டணப் பில் மூன்றையும் ஒரு கோப்பில் போட்டு வையுங்கள். மாறிய தேதிக்கு அந்த மூன்றும்தான் எங்களுக்குச் சாட்சியாக நின்றன.